பொத்தான் வைத்த உடம்பு

ஆறுபனைவிளையில் செத்தவர்கள் உடம்பில் பொத்தான் முளைக்க ஆரம்பித்தது, கோயில் தலைவர் பலவேசத்தின் அக்கா பொன்னுத்தாயி காய்ச்சலில் கண்ணை மூடிய அன்றைக்குத்தான். அதற்கு முந்தி அந்த ஊரில் செத்தவர்கள் எல்லாம் மற்ற ஊர்க்காரர்களைப் போல வெறும் உடம்போடு செத்து, வெறும் உடம்போடு எரிந்து, மறுநாள் காடாற்றப் போனால் ஒரு கைப்பிடி எலும்பாகக் கிடைத்து, தாமிரபரணியில் கரைந்து போனார்கள். யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

பொன்னுத்தாயியைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்கப் போன ஆட்கள் திரும்பி வருவதற்குள், ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சபூரா ஸ்கூட்டரைப் பந்தலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கொட்டுக்காரர்களைத் தாண்டி நேரே பலவேசத்திடம் வந்தாள்.

“தலைவரே, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். ஆனா இப்ப கேக்காட்டி அப்புறம் கேட்டுப் பிரயோசனம் இல்ல. ஊர்ல வீட்டுக்கு ஒருத்தர் இதே காய்ச்சல்ல, இதே வயித்து வலியில படுத்திருக்காங்க. ரத்தம் எடுத்து அனுப்பிப் பாத்துட்டேன், ஒண்ணும் பிடிபடல. அக்காவ பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயி பரிசோதனை பண்ண விட்டீங்கன்னா என்ன நோயின்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சா மருந்து இருக்கு.”

“போஸ்ட்மார்ட்டமா?” என்றார் பலவேசம். கொட்டு தன்னால் நின்றது.

“எங்க பொணத்துல கத்தி படாது டாக்டரம்மா.”

அவர் சொன்னது அவருடைய பேச்சு மட்டுமில்லை, அந்த ஊரின் பேச்சு. அறுத்த உடம்பு ஆறுபனைவிளையில் வீட்டு நடைக்குள் வராது. வெள்ளைத் துணியில் பொட்டலம் மாதிரிக் கட்டி வருகிற உடம்பைத் தெருமுனையிலேயே இறக்கி, குளிப்பாட்டாமல், வாய்க்கரிசி போடாமல், பெற்ற பிள்ளையும் முகத்தைப் பார்க்காமல் அப்படியே சுடுகாட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள். அப்படிப் போன உயிர் தையல் பிரிந்த வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டே, விழுகிற குடலை அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டே, எமலோகம் போகிற வழியெல்லாம் நின்று நின்று போகுமாம். குலசாமி வாசலில் வந்து நின்றாலும், முழுசாக வந்தால்தான் கதவாம். இதைப் பால்குடி மறக்காத பிள்ளை கூடச் சொல்லும்.

“உங்க ஆளுகள்ல விடுவீங்களா? சொல்லுங்க பாப்போம்,” என்று மடக்கினார் பலவேசம்.

“விட மாட்டோம். எங்க வாப்பா மௌத்தானப்போ, டாக்டருக்குப் படிச்சிக்கிட்டிருந்த நானே குறுக்க நின்னு விடல. பொறவு அதே காய்ச்சல்ல எங்க உம்மா போனாங்க. அந்த வெக்கத்தோடதான் இப்ப உங்ககிட்ட வந்து நிக்கேன்,” என்றாள் சபூரா.

இதற்குள் தண்ணீர் வந்து சேர்ந்திருந்தது. அந்தச் சமயம் பார்த்து, மறைப்புக்குள் பொன்னுத்தாயியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த பொம்பளைகளில் ஒருத்தி “ஏ ஆத்தா!” என்று கத்தினாள். பலவேசத்தின் பெண்சாதி கோமதி ஈரக்கையோடு சேலைத் தலைப்பை உதறிக்கொண்டு வெளியே வந்து, “ஏங்க, மைனி உடம்புல பொத்தான் இருக்கு,” என்றாள்.

தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை, ஒரே சீராக, ஆம்பளைச் சட்டைக்கு வைக்கிற வெள்ளைப் பொத்தான். தோலிலேயே காஜா எடுத்து, தோலிலேயே மடிப்பு வைத்து, எல்லாம் ஒழுங்காக மாட்டியிருந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் அப்படி ஒன்று கிடையாது என்று அவளுக்கு முதுகு தேய்த்துவிடுகிற மகள் சத்தியம் செய்தாள். பொம்பளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு, ஆக வேண்டியதைப் பார்க்கணுமே என்று, பொத்தான் இழுபடாமல் மெதுவாகத் தண்ணீரை ஊற்றிக் குளிப்பாட்டி முடித்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு முகம் மலர்ந்துபோனது. “கத்திதானே வேண்டாம்னீங்க? கத்தியே வேண்டாம் தலைவரே! நானும் ஒரு நர்ஸும் மட்டும், மறைப்புக்குள்ள, பொம்பளைங்களா பாத்துட்டுத் திரும்ப மாட்டிடுறோம். உடம்பு ஊரை விட்டே போகாது.”

கூட்டம் பலவேசத்தைப் பார்த்தது. நியாயப்படி அவர் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அவரோ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பூட்டின வீட்ட சாவி போட்டுத் தெறந்தா என்ன, கன்னம் வச்சித் தெறந்தா என்ன, அடுத்தவன் வீடு அடுத்தவன் வீடுதான். சாமி மூட்டி அனுப்புனத மனுசன் கழத்தப்படாது,” என்றார். எவ்வளவு அழகான பேச்சு பாருங்கள்! ஊரே தலையாட்டியது. சபூரா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனாள். பொன்னுத்தாயி பொத்தானோடு எரிந்தாள். மறுநாள் சாம்பலைக் கிண்டினால் எலும்பெல்லாம் பொடியாகி, பொத்தான் மட்டும் வெந்துபோகாமல் பளிச்சென்று கிடந்தது.

கிடா சமாச்சாரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது. அந்த ஊர் மாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு முறை உண்டு. மாடனுக்கென்று நேர்ந்துவிட்ட கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும், அவர்கள் பேச்சில் துலுக்க வேண்டும். அதுதான் சாமியின் உத்தரவு. உதறுகிற வரைக்கும், பொழுது சாய்ந்தாலும், எவனும் அரிவாளைத் தொட மாட்டான். பொன்னுத்தாயி காய்ச்சலில் படுப்பதற்குக் கொஞ்ச நாள் முந்தி, இந்த வருசக் கொடையன்று காலையில் பலவேசமும் சாமியாடி கொம்பையாவும் தொழுவத்துக்குப் போனால், கிடா மூக்கில் நுரை தள்ளி, கால் நான்கும் விறைத்துச் செத்துக் கிடக்கிறது. செத்த கிடாவைச் சாமிக்கு வெட்டக் கூடாது, நேர்ந்த கிடாவை மாற்றி வேறு கிடாவையும் நிறுத்தக் கூடாது, கொடையை நிறுத்தினாலோ தலைவரின் தலை ஊருக்குள் நிமிராது. ரெண்டு பேரும் தொழுவத்தில் உட்கார்ந்து யோசித்து, ஒரு காரியம் செய்தார்கள்.

கிடாவைக் கழுத்து முதல் வால் வரை கதம்ப மாலையால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொம்பையா சாமி வந்து ஆடுகிறமாதிரியே அதைக் கட்டிப்பிடித்து நிறுத்திக்கொண்டார். தண்ணீர் ஊற்றியதும் கொம்பையா ஓர் உலுக்கு உலுக்கினார். “துலுக்கிட்டு!” என்று கத்தினார் பலவேசம். வெட்டுகிற இடத்துக்குப் பொம்பளைகள் வரக் கூடாது என்பது அந்த மாடனுக்குப் பழக்கமாகையால், தூரத்தில் பொங்கல் அடுப்புப் பக்கம் நின்ற பொம்பளைகள் சத்தத்தைக் கேட்டுக் குலவை போட்டார்கள். அரிவாள் விழுந்தது. ரத்தம் பீய்ச்சவில்லை, கருப்பட்டிப் பாகு மாதிரிக் கறுப்பாகக் கொஞ்சம் கசிந்தது. “மாடன் முந்தியே குடிச்சிட்டான்லே!” என்று கூவினார் கொம்பையா. சுற்றி நின்ற ஆம்பளைகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ரத்தம் சிந்தாத கிடா என்று அன்றைக்கே பேராகிவிட்டது.

வரி கொடுக்கிற வீட்டுக்கெல்லாம் பங்கு கறி போனது. மாடன் வீட்டுப் பங்கை வேண்டாம் என்று சொன்னவன் அந்த ஊரில் பிறக்கவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் குழம்பு வைத்துவிட்டு, மிச்சத்தை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கோத்து உப்புக்கண்டம் போட்டார்கள். பலவேசம் மட்டும் தன் வீட்டுப் பங்கைப் பூவரச மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று கோமதியிடம் சொன்னார். கிடா என்ன சீக்கில் செத்தது என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கறி தன் பிள்ளை வாயில் போகக் கூடாது என்று தெரிந்திருந்தது. அந்த அளவுக்குத் தெரிந்திருந்ததுதான் அவரை ராத்திரியும் பகலும் அரித்தது.

ஊர் பொத்தானுக்குப் பழகிக்கொண்டது. மனுசனுக்கு எதுதான் பழகாது? அடுத்துப் போனவர் ரேசன் கடை சிவனணைஞ்சான். அவர் உடம்பிலும் அதே பொத்தான், ஆனால் மேல் பொத்தான் தானாகக் கழன்று கிடந்தது. டெய்லர் சங்கிலியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, “நாலு ஓட்டைப் பொத்தான். நம்ம கடைச் சரக்கு இல்ல. காஜா சுத்தமா இருக்கு, மெஷின்ல போட்டாக்கூட இப்படி வராது,” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, கழன்றதைத் திரும்ப மாட்டிவிட்டார். மாட்டிய பொத்தான் மறுபடி கழன்றது. மறுபடி மாட்டினார், மறுபடி கழன்றது.

அதற்கடுத்த சாவில் ரெண்டு பொத்தான் கழன்று வந்தது, அதற்கடுத்ததில் இன்னும் கூட. உடம்புகளுக்கே பொறுமை போய்விட்டதோ என்னவோ. உள்ளே இருப்பது தெரிந்துவிடுமே என்று பதறிப்போன ஊர், டெய்லர் சங்கிலியை ஊசியும் நூலும் எடுத்து வரச் சொல்லி, பிளந்த இடத்தைச் சேர்த்துத் தைக்கச் சொன்னது. சங்கிலி பிணத்தின் தோலில் ஊசி குத்தித் தைத்தார்.

விசாரிக்க வந்த சபூரா அதைப் பார்த்துவிட்டு, “கத்தி படக் கூடாதுன்னீங்க. இப்ப ஊசி படலாமா?” என்றாள்.

“கத்தி தெறக்கும். ஊசி மூடும்,” என்றார் பலவேசம்.

அவருக்கே அது வெட்கமாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் யாராவது சிரித்துவிட மாட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லா ஆம்பளைகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படியே அது ஒரு வழக்கமாகிப்போனது. பொத்தான்மேல் சந்தனத்தைக் கனமாக அப்பி மறைத்தார்கள். சாம்பலில் கிடைத்ததைத் துணியில் முடிந்து கிணற்றில் போட்டார்கள். உயிரோடு இருந்தவர்களுக்குத் தங்கள் சட்டைப் பொத்தானைப் பார்க்கவே கூசியது. ஆம்பளைகள் சட்டைக்கு ஊக்குக் குத்திக்கொண்டார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சட்டையில் பொத்தானை வெட்டிவிட்டு நாடா வைத்துத் தைத்துக் கொடுத்தார் சங்கிலி. பக்கத்து ஊர்களில் அவர்களைப் பொத்தான் ஊர்க்காரர்கள் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பெண் கொடுக்க வந்தவர்கள் பந்தி வரைக்கும் வந்துவிட்டு, மாப்பிள்ளைச் சட்டையில் ஊக்கைப் பார்த்ததும் எழுந்து போனார்கள். மினி பஸ் கண்டக்டர் ஊரின் பெயரைச் சொல்லாமல் நெஞ்சில் விரலால் குத்திக் காட்டி ஆளை இறக்கினான்.

காய்ச்சல் மட்டும் போன பாடில்லை. ஊரும் சும்மா இல்லை, தனக்குத் தெரிந்த மருந்தைச் செய்தது. காய்ச்சல் கண்டவர்களுக்கு மாடன் கோயில் பங்கில் போட்ட உப்புக்கண்டத்தை ஒரு துண்டு சுட்டு, நசுக்கிக் கஞ்சியில் போட்டு, “மாடா, நீ தொட்டதுதான், நீயே காப்பாத்து” என்று ஊட்டினார்கள். ஆரோக்கியமாக இருந்தவர்களும் முன்ஜாக்கிரதையாக ஒரு துண்டு தின்றார்கள். ரத்தம் சிந்தாத கிடா அல்லவா! எந்த வீட்டில் உப்புக்கண்டம் தீர்ந்துவிட்டதோ அந்த வீட்டார் இருக்கிற வீட்டில் போய்க் கெஞ்சி வாங்கி வந்தார்கள். பலவேசம் தெருவில் போகும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்தக் கறி சுடுகிற வாசனை வரும். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நடப்பார். எந்த வீட்டுப் படியேறியும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் கனி, “எப்பா, வயிறு வலிக்கி,” என்று அவர் மடியில் வந்து சாய்ந்தாள். கல்யாணமாகி வெகு காலம் கழித்து, ஏறாத கோயில் ஏறிப் பெற்ற ஒரே பிள்ளை. உடம்பு அனலாகக் கொதித்தது. பலவேசத்துக்கு ஒன்றும் புரியவில்லை. தன் வீட்டுக்குள்தான் அந்தக் கறி வரவே இல்லையே! அப்புறம்தான் கோமதி சொன்னாள்: ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாம் மாடன் கறி தின்றிருக்க, தலைவர் வீட்டுப் பிள்ளை மட்டும் தின்னாமல் இருக்கிறதே, சாமிக் குற்றம் ஆகிவிடுமே என்று, கொம்பையா பெண்சாதி வேம்புவிடம் முன்னமே வாங்கி வந்து ரெண்டு மூன்று தரம் கொடுத்தாளாம்.

“இப்பவும் வாங்கியாந்திருக்கேன்,” என்றாள் கோமதி. அம்மியில் அந்தக் கறுத்த துண்டை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள். “இது உள்ள போனா காய்ச்சல் எறங்கிரும்.”

பலவேசம் நடையில் நின்றார். ஒரு வார்த்தை போதும். செத்த கிடா என்று ரெண்டே சொல். அது தொண்டை வரைக்கும் வந்தது. அக்காவை எரித்தது, சிவனணைஞ்சானை எரித்தது, ‘சாமி மூட்டி அனுப்புனத’ என்று பந்தலில் நின்று பேசியது, எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றன. அதை வெளியே விட்டால் இதுகளும் வந்துவிடும்.

“காய்ச்சக்காரிக்குக் கறி எதுக்கு, செமிக்காது,” என்றார். அவருக்கே கேட்காத குரல்.

“சாமி கறி செமிக்காதா? நல்லாச் சொன்னீங்க,” என்று கோமதி கஞ்சியில் கரைத்து, பிள்ளையின் தலையை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வாயாக ஊட்டினாள். கனி முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள். பலவேசம் பார்த்துக்கொண்டு நின்றார். தட்டிவிட்டிருக்கலாம். கிண்ணத்தைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்திருக்கலாம். பாவி மனுசன், கிண்ணம் காலியாகிற வரைக்கும் நின்றார்.

விடிந்ததும் கனியை ஆஸ்பத்திரியில் போட்டார்கள். சபூரா ஊசி போட்டாள், டிரிப்ஸ் ஏற்றினாள், வெளியே வந்து பலவேசத்தின் முன்னால் நின்றாள். “தலைவரே, நான் இருட்டுல கல்லெறியுதேன். எந்த மருந்து கேக்கும்னு தெரியாம எல்லாத்தையும் குடுத்துப் பாக்கேன். பிள்ள தாங்காது. நாளைக்கு வரைக்கும் இருந்தா அதுவே பெருசு.” அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தபோது, கொம்பையா செத்துவிட்டார் என்று ஆள் வந்தது.

கொம்பையாவை முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். சாமியாடி என்பதால் ஊரே கூடியிருந்தது, ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். அவர் நெஞ்சில் தொப்புளுக்கு மேலே இருந்த ஒரே ஒரு பொத்தான்தான் மாட்டியிருந்தது. மற்ற எல்லாம் கழன்று, காற்றடித்தால் கூடத் திறந்துவிடும் போலிருந்தது. சங்கிலி ஊசியில் நூல் கோத்துக்கொண்டு தயாராக நின்றார். சபூராவும் வந்து ஓரமாக நின்றாள். ஆஸ்பத்திரியில் கனிக்குக் காவலாக நர்ஸை உட்கார வைத்துவிட்டு, கோமதியும் பின்னாலேயே வந்தாள். இந்த உடம்பையாவது பார்க்க விடுங்கள் என்று ஊர்க்காரர்கள் காலில் விழப்போகிறேன் என்று அவள் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள்.

விழ வேண்டிய தேவை வரவில்லை. வேம்புவே எழுந்து வந்து பலவேசத்தைப் பார்த்தாள். “அண்ணாச்சி, எனக்குச் சாமியும் வேண்டாம், முறையும் வேண்டாம். உங்க பிள்ள அங்க கெடக்கு. எம்பேரன் உள்ள கெடக்கான். இவுக உடம்பத் தெறந்து பாத்தா அதுக பொழைக்கும்னா தெறக்கட்டும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

பலவேசம் கொம்பையாவின் நெஞ்சைப் பார்த்தார். அந்தப் பொத்தானைக் கழற்றினால் உள்ளே என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. உள்ளே மாலை போட்ட செத்த கிடா நிற்கும், அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொம்பையா நிற்பார், பக்கத்தில் ‘துலுக்கிட்டு’ என்று கத்திக்கொண்டு தானும் நிற்பார், ஊர் பூராவும் எட்டிப் பார்க்கும். அதற்குப் பயந்துதானே இத்தனை உடம்பை மூடினார். கத்திக்கா பயந்தார்? மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“அது செத்த கிடா,” என்றார்.

பொம்பளைகள் பக்கமும் திரும்பிச் சொன்னார்.

“கொடையன்னைக்குக் காலையிலேயே செத்துப்போச்சு. நானும் கொம்பையாவும் தூக்கி நிறுத்துனோம். அது துலுக்கல. இவன்தான் உலுக்குனான். நான்தான் கத்துனேன். என் வீட்டுப் பங்க நாய் தூக்கல, நான் பொதைச்சேன். அந்தக் கறிதான் எல்லாரையும் கொல்லுது. இனிமே ஒருத்தரும் அதத் திங்காதீங்க. என்னைய என்ன செய்யணுமோ செய்யுங்க.”

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். கல் வந்து விழும் என்று எதிர்பார்த்தார். செருப்பாவது விழும் என்று எதிர்பார்த்தார். ஒன்றும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஆம்பளைகள் பக்கம் ஒரு முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

டெய்லர் சங்கிலி ஊசியைக் கீழே போட்டார். “தெரியும் அண்ணாச்சி,” என்றார்.

“என்ன தெரியும்?”

“வெறைச்ச காலு தெரியாதா? நான் பக்கத்துலதான நின்னேன். எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சேன். நாம எதுக்கு வாயத் தெறந்து ஊரக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்.”

“நானும் பாத்தேன்,” என்றான் இன்னொருத்தன். “ரத்தமே வரலயே.”

“ஈ மொய்ச்சுக்கிட்டு இருந்துச்சு மாமா,” என்றான் பின்னால் ஓர் இளவட்டம், அழுகிற குரலில்.

அங்கே ஒருத்தன், இங்கே ஒருத்தன் என்று ஆரம்பித்து, வெட்டுகிற இடத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் சொல்லிவிட்டார்கள். ஒருத்தன் பாக்கியில்லை. எல்லாரும் பார்த்தார்கள், எல்லாரும் கும்பிட்டார்கள். தெரிந்தது என்று காட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு ஒரே வழி அதைத் தின்பதுதான் என்று எல்லாரும் தின்றார்கள். உடம்பைத் திறக்க வேண்டாம் என்று பலவேசம் சொன்னபோது ஏன் ஊரே அவ்வளவு வேகமாகத் தலையாட்டியது என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இத்தனை நாளும் ஊர் முழுக்கத் தன்னை நம்புகிறது என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். நம்பியவர்கள் ஆம்பளைகளில் ஒருத்தர்கூட இல்லை.

நம்பியவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். பொங்கல் அடுப்புப் பக்கம் நின்று, சத்தத்தை மட்டும் கேட்டுக் குலவை போட்டவர்கள். பொம்பளைகள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி அவரவர் வீட்டு ஆம்பளையைப் பார்த்தார்கள். அம்மியில் நசுக்கியது அவர்கள் கை, கஞ்சியில் கரைத்தது அவர்கள் கை, மாடா காப்பாத்து என்று பிள்ளை வாயில் வைத்தது அவர்கள் கை. அத்தனை ஆம்பளைகளும் அதைப் பார்த்துக்கொண்டு வீட்டில்தான் இருந்தார்கள்.

கோமதி பலவேசத்தின் முன்னால் வந்து நின்றாள்.

“நான் ஊட்டும்போது நடையிலதான நின்னீங்க?”

பலவேசம் இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்.

“கிண்ணம் காலியாகுற மட்டும் நின்னீங்களே?”

கோமதி அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அவரைச் சுற்றிக்கொண்டு, வழியில் நிற்கிற தூணைச் சுற்றிக்கொண்டு போகிறமாதிரிப் போய், வேம்புவின் பக்கத்தில் கொம்பையாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மற்றப் பொம்பளைகளும் வந்தார்கள். ஒருத்தியும் ஆம்பளைகளிடம் உத்தரவு கேட்கவில்லை. சேலைகளைப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். சபூரா பையிலிருந்து கையுறைகளை எடுத்துத் தானும் போட்டுக்கொண்டு வேம்புவிடமும் கொடுத்தாள்; அவள் போட்டுக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையைத் துவைக்கப் போடும்முன் கழற்றுகிறமாதிரியே, அந்தக் கடைசிப் பொத்தானைக் கழற்றினாள்.

உள்ளே கிடாவும் இல்லை, மாலையும் இல்லை. ஒரு மனுசனுக்குள் என்ன இருக்குமோ அதுதான் இருந்தது. குடலில் ஓரிடத்தில் கறுத்துப் புண்ணாகியிருந்தது. சபூரா குனிந்து பார்த்தாள், சிறு புட்டியில் கொஞ்சம் எடுத்து மூடினாள், பெரியாஸ்பத்திரிக்குப் போன் போட்டு, சீக்குக் கிடாவிலிருந்து ஒட்டிக்கொள்கிற நோய்தான் என்று வேகவேகமாகப் பேசினாள். வேம்பு அவள் சொன்னபடி எல்லாப் பொத்தானையும் மாட்டினாள். மாட்டியது கழலாமல் நின்றது. மறைப்புக்கு வெளியே ஆம்பளைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

பொழுது அடைவதற்குள் மருந்து வந்தது. பொம்பளைகள் வீடு வீடாகப் போய்க் கொடியிலிருந்த உப்புக்கண்டத்தை அறுத்துக்கொண்டு வந்து குழியில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு அந்தக் காய்ச்சலில் போனவர்கள் உண்டு, ஆனால் பிழைத்தவர்கள் அதிகம். கொம்பையாவுக்குப் பிறகு யாருக்கும் பொத்தான் முளைக்கவில்லை. ஆம்பளைகள் திரண்டு வந்து, நீங்களேதான் தலைவராக இருக்கணும் என்று பலவேசத்திடம் சொன்னார்கள். வேறு யாரை வைப்பார்கள், யாருக்கு வாய் இருக்கிறது? அவர் வேண்டாம் என்றார். அவர்கள் சரி என்று போகவும் இல்லை, மறுபடி கேட்கவும் இல்லை.

கனி பிழைத்துக்கொண்டாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்து, கண் மட்டும் பெரிசாக, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குக் கொண்டு வந்த அன்று, கோமதி அடுப்படியில் வேலையாக இருந்தபோது, பலவேசம் தானே கஞ்சியை ஆற்றிக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார். வெறும் கஞ்சி, உப்புப் போட்டது. கரண்டியில் எடுத்து ஊதி, “ஆ காட்டும்மா,” என்று வாயருகே கொண்டு போனார்.

கனி வாயைத் திறக்கவில்லை. கோபமாகவும் இல்லை, பயந்தும் இல்லை. அப்பாவின் தோளுக்கு மேலே எட்டி அடுப்படியைப் பார்த்து, “எம்மா, இதச் சாப்பிடலாமா?” என்று கேட்டாள்.

கோமதி வெளியே வந்து, கிண்ணத்தை வாங்கி, ஒரு வாய் தான் குடித்துப் பார்த்துவிட்டு, அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“சாப்பிடலாம்,” என்றாள்.

பிறகுதான் பிள்ளை வாயைத் திறந்தாள்.